வாகை மரத்தடி, அறுபது சென்டிமீட்டர்

மார்ச் 3, 1992. செவ்வாய்

காலையிலேயே வெயில். ஏழு மணிக்கே பஸ் கம்பி சுட்டது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் வழக்கம்போல் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர், "உங்களுக்குன்னு தனியா ஒரு விசில் வாங்கணும் போல டீச்சர்" என்றார். நோட்டும் கையுமாகப் போவதால் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிலோமீட்டர் திரும்பி நடை.

இன்று செய்ய வேண்டியது:
– மூன்று இடத்துக் குழாய்களுக்கும் தண்ணீர் நிரப்பி மூடி இறுக்க
– சனிக்கிழமை விட்ட யூரியா எதுவரை இறங்கியிருக்கிறது, பார்க்க
– பாட்டில் மூடி ஆறு வாங்க
– அம்மாவுக்குக் கால்வலித் தைலம் (போன வாரமும் எழுதினேன்)

அம்மா நேற்று, "அப்படி என்னதாண்டி வேலை பாக்குற, மண்ணுக்குள்ள?" என்று கேட்டாள். சொன்னேன். எம்.ரெட்டியபட்டியில் அய்யாச்சாமி அண்ணாச்சி என்பவரின் செவல் (செம்மண்) தோட்டம், அரை ஏக்கர் மிளகாய். செடிக்குச் செடி சொட்டுத் தண்ணீர் விடுகிறோம். அது மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, கூடவே கரைத்து விடும் உரம் வேரோடு நிற்கிறதா, கீழே ஓடிவிடுகிறதா, அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. மண்ணில் குழாய் இறக்கியிருக்கிறோம். அடியில் பீங்கான் முனை, மேலே கடிகார முகம். மண் காய்ந்தால் முள் ஏறும். நனைந்தால் இறங்கும். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "மார்ச்சுக்கு அப்புறமும் வேலை இருக்கா?" என்றாள். அவளுக்கு அந்த முள்தான் முக்கியம்.

மார்ச் முப்பத்தொன்றோடு என் தற்காலிக நியமனம் முடிகிறது. ரீடிங் நன்றாக வந்தால் நீட்டிக்க மேலே எழுதுவதாக, ஆராய்ச்சியை நடத்தும் எங்கள் சார் சொல்லியிருக்கிறார்.

கிணற்றுப் பக்கம்: பீங்கான் முனையில் அதே பழைய விரிசல். முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.
நடு: முள் இன்றும் நாற்பதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டினேன், கொஞ்சினேன், அசையவில்லை.
வாகை மரத்தடி: 30 செ.மீ. ஆழத்தில் 14. 60இல் 10.

ஆக, உயிரோடு இருப்பது வாகை மரத்தடி மட்டும். புதுக் கருவி கேட்டு எழுதி ஒரு மாதமாகிறது. வாகை மரத்தடியில் குழாய் இறக்க இடம் தேர்ந்தெடுத்தது நான். சாரிடம், தோட்டத்தின் தாழ்ந்த மூலை என்று காரணம் சொன்னேன். உண்மையில் நிழல். உட்கார்ந்து எழுதலாம், மேலே வாகை நெற்றுகள் காற்றில் சலசலக்கும், கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அறுபதில் பத்து. அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு ஈரமா?

மார்ச் 5, வியாழன்

வெயில். காற்று இல்லை.

60இல் 9.

சொட்டு விழுகிற இடத்தில் மேலே ஒரு தட்டளவு ஈரம்தான் தெரியும். உள்ளே அது வயிறு பெருத்து, வெங்காய வடிவத்தில் இருக்கும் என்று புத்தகத்தில் படம். ஒவ்வொரு செடிக்கும் கீழே ஒரு ஈர வெங்காயம். அரை ஏக்கர் முழுக்க இருட்டில் வெங்காயங்கள். நான் அவற்றின் மேல் செருப்போடு நடக்கிறேன். நினைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். சூடு தாங்காமல் உடனே போட்டுக்கொண்டேன்.

களையெடுக்க ஐந்து பெண்கள் வருகிறார்கள். மூத்தவர் புஷ்பக்கா, மரியபுஷ்பம். மாதா கோயில் தெரு. தினமும் நான் முள்ளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்ததும் அவர் குரல் வரும்.

"டீச்சரு, இன்னைக்கு நம்ம செடி மார்க்கு எம்புட்டு?"

"ஒன்பதுக்கா."

"நேத்து?"

"பத்து."

"கொறைஞ்சா நல்லதா, கூடுனா நல்லதா?"

"கொறைஞ்சா ஈரம்க்கா. நல்லது."

ஐந்து முகத்திலும் ஒரே சிரிப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆபீஸில் கூட யாரும் ரீடிங்கை இப்படி ஆசையாகக் கேட்பதில்லை. படிக்காத பெண்களுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் உண்டாக்கிவிட்டேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே பாராட்டுக் கூட்டம் நடத்தி, மாலை போட்டுக்கொண்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவும் செய்தேன்.

மார்ச் 7, சனி

யூரியா விட்டு ஒரு வாரம். வாகை மரத்தடி மீட்டருக்குப் பக்கத்தில், மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் எடுக்க இறக்கியிருக்கும் உறிஞ்சு குழாயில் காற்றை இழுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அறுபது செ.மீ. ஆழத்திலிருந்து கால் பாட்டில் தண்ணீர் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து வரும் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி பஸ் போய்விடும் என்று அண்ணாச்சி சத்தம் போட்ட பிறகு ஓட்டம்.

லேபில் உரம் காட்டும் மருந்து சேர்த்ததும் மஞ்சள். நல்ல அடர் மஞ்சள். அறுபதில் இவ்வளவு உரமா! மிளகாய் வேர் அங்கே போகவே போகாது.

சார் பாட்டிலைப் பார்த்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "மெர்சி! உரம் வேருக்குக் கீழே ஓடுது. தண்ணிய அதிகமா விடுறோம். இந்த மண்ணுல இதை யாரும் அளந்து பாத்ததில்லம்மா!" என்னை முதல்முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதுவரை "ஏம்மா" மட்டும்தான்.

தைலம் மறந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை. லெந்து நாட்களின் (தவக்காலம்) முதல் ஞாயிறு. சபை ஐயர், இயேசு நாற்பது நாள் இருந்த வனாந்தரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வனாந்தரத்தில் அறுபது செ.மீ. தோண்டினால் முள் எவ்வளவு காட்டும் என்று யோசித்தேன். அம்மா முழங்கையால் இடித்தாள். எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

சார் ஜீப்பில் தோட்டத்துக்கு வந்தார். இன்றிலிருந்து ஒரு மணி நேரத் தண்ணீர் அரை மணி நேரம். யூரியா ஒரு தவணை நிறுத்தம். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"இப்பத்தான் பூ எடுக்குது சார். இந்த நேரத்துல தண்ணியக் கொறச்சா…"

"கீழே தண்ணி நிக்குதுங்க. மீட்டர் சொல்லுது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நெசமாவா டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி. அறுபதில் எட்டு."

"மீட்டரு சொன்னாச் சரிதான். கிணத்துலயும் தண்ணி கீழதான் கிடக்கு." மோட்டாரை நிறுத்தப் போனார்.

சார் இதை ஒரு பக்கம் டைப் செய்து மதுரையில் நடக்கும் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு அனுப்பப் போகிறாராம். என் பெயரும் கீழே வருமாம். ஜீப்பில் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். வழியில் காய்ந்த கருவேலம் எல்லாம் எனக்குக் கை காட்டின.

மார்ச் 13, வெள்ளி

காற்று, புழுதி. கண்ணில் மண்.

பதினோரு மணிக்கு இலைகள் தொங்கிவிட்டன. எல்லா வரிசையிலும். வாகை மரத்தடியில் மீட்டர் பக்கத்துச் செடி மட்டும் தளதளவென்று. நிழல்தான் காரணம் என்று நோட்டில் எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. பத்து மணிக்கு மேல் அந்த இடத்தில் நிழல் விழுவதில்லை. மரத்தின் மறுபக்கம் போய்விடும். அதைத் தாண்டி யோசிப்பதற்குள் பஸ் நேரம் வந்துவிட்டது.

30இல் 13. 60இல் 8.

பாதித் தண்ணீர்தான் விடுகிறோம், முள் ஏறவே இல்லையே? கீழே ஏதோ ஊற்று இருக்கிறதோ? பஸ்ஸில் கண்ணயர்ந்தபோது நான் ஒரு சொட்டாகி மண்ணுக்குள் நழுவிப் போய்க்கொண்டிருந்தேன். குளிர்ச்சி. பக்கத்தில் இன்னும் நிறையச் சொட்டுகள், ஒன்றும் பேசாமல், எல்லாம் ஒரே திசையில். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அருப்புக்கோட்டை, என்றார் கண்டக்டர்.

மார்ச் 16, திங்கள்

பூ உதிர்கிறது.

வரிசைக்கு வரிசை தரையில் வெள்ளை வெள்ளையாக. காம்பு மஞ்சளாகி, தொட்டதும் விழுகிறது. அண்ணாச்சி ஒரு கை நிறையப் பொறுக்கி வந்து என் நோட்டுக்கு மேல் போட்டார். மனுஷர் திட்டியிருந்தால் தேவலை.

முள்ளைப் பார்த்தேன். 8.

சாரிடம் சொன்னேன். "முதல் பூ கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். மீட்டர் பொய் சொல்லாது" என்றார். மீட்டர் பொய் சொல்லாதுதான்.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மணி பஸ் வரவில்லை. டயர் பஞ்சர், மல்லாங்கிணறு பக்கம் நிற்கிறதாம். அடுத்தது மூன்று மணிக்கு. வெயிலில் ரோட்டில் நிற்க முடியாமல் தோட்டத்துக்கே திரும்பினேன். தினமும் நான் கிளம்பிய பிறகுதான் பெண்கள் சாப்பிட உட்காருவார்கள். இத்தனை நாளில் அவர்கள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

வாகை மரத்தடியில், நிழல் விழுந்த பக்கம், சாப்பாடு முடிந்திருந்தது. புஷ்பக்கா எழுந்து, மீட்டர் பக்கத்துச் செடியின் காலில் கை கழுவினார். தூக்குச்சட்டியைக் கழுவி அங்கேயே ஊற்றினார். அடுத்து சின்னத்தாய். அதே செடி. அடுத்தடுத்து ஐந்து பேரும். கடைசியில் குடிதண்ணீர்க் குடத்தில் மிச்சமிருந்ததையும் சாய்த்து ஊற்றினார்கள். பிறகு சின்னத்தாய் பக்கத்திலிருந்து காய்ந்த புழுதியை அள்ளி ஈரத்தின் மேல் தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டி மூடினாள்.

அதனால்தான் காலையில் மேலே ஒரு தடயமும் இருக்காது.

கை கழுவின தண்ணீரை வெறுந்தரையில் கொட்டுகிற ஆள் இந்தப் பக்கம் கிடையாது. ஏதாவது ஒரு செடியின் காலில்தான் விழும். ஈரம் போகாமல் இருக்கப் புழுதி மூடுவதும் எல்லோரும் செய்வது. எங்கள் வீட்டிலும் முருங்கைக்கு அப்படித்தான். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. அடி மக்கு, நிழலைத் தேடிக் குழாய் இறக்கினாயே, நிழல் இருக்கும் இடத்தில்தானே சோறு தின்பார்கள்!

"ஏன்க்கா, எப்பவும் இந்தச் செடிக்கேவா?"

"அய்ய, பாத்துட்டியா." புஷ்பக்காவுக்கு வெட்கம். "வேற எதுக்கு ஊத்த? இதுதானே பரிச்ச எழுதுது? மத்தது எல்லாம் சும்மா நிக்குது."

"பரீட்சையா?"

"நீதானே போன மாசம் சொன்ன, இது மார்க்குப் போடுற மீட்டருன்னு. நல்ல மார்க்கு வரலைன்னா உன்ன முப்பத்தொண்ணாந் தேதி வீட்டுக்கு அனுப்பிச்சிருவாகன்னு. அன்னையில இருந்து ஊத்துறோம். பாவம், கலியாணம் காச்சி ஆகாத புள்ள, வெயில்ல அலையுது. நாங்க ஒரு வாய் கொறச்சுக் குடிச்சா செத்தா போயிருவோம்?"

சின்னத்தாய், "மார்க்கு நல்லாத்தானே வந்துச்சு?" என்றாள்.

"நல்லா வந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்ல? மூன்று மணி பஸ்ஸில் ஏறும்வரை அடக்கினேன். ஏறியதும் அழுகை. பக்கத்து சீட்டு அம்மா முறுக்கு கொடுத்தார்கள்.

மார்ச் 18, புதன்

யாரிடமும் சொல்லவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஐந்து பேர் கை, ஐந்து சட்டி, குடத்து மிச்சம். ஒரு செடிக்கு நாங்கள் சொட்டு விடும் தண்ணீரை விட அதிகம். அந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கீழே இறங்கி, உரத்தையும் கூட்டிக்கொண்டு அறுபதுக்குப் போயிருக்கிறது. மற்ற எல்லாச் செடியும் தாகத்தில். அரை ஏக்கருக்கும் சேர்த்து ஒரு செடி பேசியது. நான் அதைக் கேட்டு எழுதினேன்.

பேசாமல் இருந்தால்: மதுரைக் கூட்டத்தில் என் பெயர். ஏப்ரலிலும் வேலை. அம்மாவுக்குத் தூக்கம்.
பேசினால்: ஒன்றரை மாத ரீடிங் குப்பை.

பேசாமல் இருந்தால் பூ முழுக்கக் கொட்டிவிடும். இதைப் பட்டியலில் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, முதலில் எழுதவில்லை. இதைப் பார்த்து வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 19, வியாழன்

முதல் பஸ். தாண்டிப் போகவில்லை.

அண்ணாச்சி மோட்டார் கொட்டகையில் இருந்தார். "ஒரு மணி நேரம் விடுங்க அண்ணாச்சி. இன்னைக்கே, இப்பவே."

"சாரு சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன்."

காரணம் சொன்னேன், பெண்கள் பேரை இழுக்காமல். மரத்தடியில் கை கழுவுகிறோம், அந்தத் தண்ணீர் மீட்டரை ஏமாற்றிவிட்டது, கீழே தண்ணீர் நிற்கவே இல்லை, நான் கவனிக்கவில்லை. மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது.

"கை கழுவுன தண்ணியா? அட என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! இருவது வருசமா செடி முகத்தைப் பாத்துத் தண்ணி விட்டவன், கடியாரத்தைப் பாத்து விட்டேன் பாரு! நானா வச்சேன் இந்தக் கடியாரத்தை? நீங்கதானே வந்து நெசம் நெசம்னு நின்னீக?"

நின்று வாங்கிக்கொண்டேன். திட்டிக்கொண்டேதான் மோட்டாரைப் போட்டார். குழாயில் காற்று இரைந்து, பிறகு வரிசை வரிசையாகச் சொட்டு விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். மண் உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டதா என்று தெரியாது. கேட்டது என்றுதான் எழுதுவேன்.

அண்ணாச்சி வரப்பிலிருந்து, "கொட்டுன பூ கொட்டுனதுதான். அடுத்த பூவாச்சும் நிக்குதான்னு பாப்போம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மார்ச் 20, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். டைப் செய்த தாள் திங்கட்கிழமையே மதுரைக்குப் போய்விட்டது.

"நான் அங்க போய் என்னன்னு சொல்வேன்? ஒரு செடிக்குக் கீழே சட்டி கழுவுனாகன்னா?"

"ஆமா சார்."

"என்கிட்ட கேக்காம தண்ணிய வேற திறந்துட்ட."

"ஆமா சார். பூ கொட்டுச்சு."

"ரீடிங் நோட்டை எடுத்து வை. நாளைக்கு நேர்ல வாரேன்."

பெயர் சொல்லவில்லை. "ஏம்மா" கூட இல்லை.

தைலம் வாங்கினேன். அம்மா காலில் தடவிவிட்டபடி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கொஞ்சம் மேல தேயி" என்றாள். என் தலையில் கை வைத்திருந்தாள்.

மார்ச் 21, சனி

மூட்டம். மழை வராது, சும்மா மூட்டம்.

இலைகள் நிமிர்ந்திருந்தன. எல்லா வரிசையிலும்.

ஜீப் ஒன்பதரைக்கு வந்தது. சார் நேரே வாகை மரத்தடிக்குப் போய்ச் செருப்பு நுனியால் புழுதியைத் தள்ளினார். ஒரு விரல் ஆழத்தில் ஈரம். இனி ஊற்றாதீர்கள் என்று வியாழக்கிழமையே அவர்களிடம் நான் சொல்லியிருந்தும், நேற்றும் ஊற்றியிருக்கிறார்கள்.

"யாரு ஊத்துறது இங்க?"

பெண்கள் களைக்கொத்தோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி கிணற்றடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்கு மீட்டரைத் தப்பாச் சொல்லிக் கொடுத்தது நான்தான் சார்" என்றேன். "இடம் தேர்ந்தெடுத்ததும் நான்தான். நிழலுக்காக."

"எழுது."

சொல்லச் சொல்ல எழுதினேன். வாகை மரத்தடி ரீடிங், பிப்ரவரி, மார்ச், அனைத்தும் செல்லாது. காரணம், உதவியாளரின் கவனக்குறைவு. கையெழுத்துப் போட்டேன்.

புஷ்பக்கா கிட்டே வந்தார். "சார், அதுல என்ன எழுதியிருக்கு?"

சார் படித்துக் காட்டினார்.

"உதவியாளருன்னா யாரு?"

"இந்தப் பொண்ணு."

"அப்ப அது தப்பு சார். அது மேல மட்டும் எழுதுனா எப்படி? எங்களையும் சேத்துப் போடுங்க."

"உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"சம்பந்தம் இல்லாமயா குடிக்கிற தண்ணிய ஊத்துனோம்?"

சார் என்னைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். நோட்டில் எதையோ தேடுவது போல் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு ஜீப்புக்குப் போய், கூலிப் பட்டியலுக்கு வைத்திருக்கும் மைப்பெட்டியை எடுத்து வந்தார்.

சின்னத்தாய் முதலில் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். என் கையெழுத்துக்குக் கீழே நான்கு பெருவிரல் ரேகைகள். களிம்பு போல் செம்மண்ணும் ஒட்டியிருந்தது. புஷ்பக்கா மட்டும் பேனா கேட்டார். தரையில் குந்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, மரியபுஷ்பம்.

முப்பத்தொன்றாம் தேதியைப் பற்றி சார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் நோட்டை மூடவில்லை. மை காயட்டும் என்று, விரித்தபடியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.